வேஜ் எது, சாலரி எது: தோட்டத்துக் கணக்கில் இரண்டு சொற்கள்

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் வருடாவருடம் தவறாமல் கேட்கும் கேள்விகளில் ஒன்று, ஆங்கிலத்தில் வேஜ் என்பதற்கும் சாலரி என்பதற்கும் என்ன வித்தியாசம் என்பது. இரண்டையும் தமிழில் சம்பளம் என்றே சொல்லிப் பழகியவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். வழிகாட்டிப் புத்தகங்களில் இதற்குத் தயாராக ஒரு விடை உண்டு. நாள் கணக்கிலோ கிழமைக் கணக்கிலோ கையில் கொடுப்பது வேஜ், மாதம் ஒருமுறை கொடுப்பது சாலரி. இன்னும் சில புத்தகங்கள் உடலுழைப்புக்கு வேஜ், மேசை வேலைக்கு சாலரி என்று சொல்லி முடித்துவிடும்.

இலங்கையின் தேயிலை மலைகளில், ஹற்றன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துப் பிள்ளைகளிடம் இந்த விடை செல்லாது. தோட்டத்தில் எல்லோருக்கும் மாதம் ஒருமுறைதான் சம்பளம் போடுகிறார்கள். அடுத்த மாதம் பத்தாந் திகதிதான் சம்பள நாள். கடைக்காரர் கடன் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வருவதும், புடவை வியாபாரி, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்து வாசலில் மூட்டையை அவிழ்ப்பதும் அன்றைக்குத்தான். "எங்கம்மாவுக்கும் மாசத்துக்கு ஒருக்காதான் டீச்சர் சம்பளம். அப்ப அது சாலரியா?" என்று ஒரு பிள்ளை கேட்டால், புத்தகத்து விடைப்படி ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். அது பிழையான பதில். அந்த அம்மா வாங்குவது வேஜ். எத்தனை நாளுக்கு ஒருமுறை காசு கைக்கு வருகிறது என்பதை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. அந்தக் காசு எதை எண்ணிக் கணக்குப் பார்க்கப்படுகிறது என்பதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

வேஜில் எண்ணப்படுவது வேலை. மணித்தியாலமாக, நாளாக, அல்லது கிலோவாக எண்ணுவார்கள். எண்ணிக்கைக்குள் வராத நாளுக்குக் காசு இல்லை. சாலரியில் எண்ணப்படுவது பதவி. ஆண்டுக்கோ மாதத்துக்கோ இவ்வளவு என்று ஒரு தொகையைப் பேசி, அதை மாதாமாதம் கொடுப்பார்கள். பெப்ரவரியில் 28 நாள், மார்ச்சில் 31 நாள், தொகை ஒன்றுதான். டிசம்பரில் பாடசாலை பூட்டிக் கிடக்கும், என் சம்பளம் வழமைபோல வங்கிக்கு வரும். அதே டிசம்பரில் மழை கொட்டி மலையில் வேலை இல்லை என்று ஒரு கிழமை போனால், என் வகுப்புப் பிள்ளையின் வீட்டில் அந்தக் கிழமைக்கு வருமானமே இல்லை. நான் வாங்குவது சாலரி, அந்த வீட்டில் வாங்குவது வேஜ். இதற்கு மேல் இலக்கணம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த வித்தியாசத்தைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளக்க ஆங்கில அகராதி தேவைப்படுவதில்லை. அவர்கள் வீட்டில் தினமும் புழங்கும் ஒரு சொல்லே போதும். அந்தச் சொல் பேர்.

தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் பெயர் பேர். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஆள் வந்து நின்றதும், செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் அவருடைய பெயருக்கு நேரே குறி போடுவார்கள். அந்தக் குறிதான் அன்றைய சம்பளம். அதனால் நாளுக்கே பேர் என்று ஆகிவிட்டது. "இந்த மாசம் எத்தன பேரு?" என்று ஒருத்தி கேட்டால் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்று அர்த்தம். "பதினேழு பேருதான்" என்றால் பதினேழு நாள் சம்பளம். பறித்த கொழுந்து நோமுக்கு, அதாவது ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய அளவுக்கு, குறைந்தால் அரைப்பேர். நோம் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். ஒரு தோட்டத்தில் 16 கிலோ, அடுத்த தோட்டத்தில் 18, இன்னொன்றில் 20. ஞாயிற்றுக்கிழமைகளில், அல்லது பேர் பதியாத ஆட்களுக்கு, கிலோ கணக்கில் கொடுப்பது கைக்காசு. ஆங்கிலத்தில் பீஸ் ரேட் என்கிறார்களே, அதுதான் இது.

முழுப்பேர், அரைப்பேர், கைக்காசு என்று வேஜ் என்ற ஒரு கருத்துக்குள் இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் பேசுகிற மக்களுக்கு வேஜ் என்றால் என்ன என்று பாடம் நடத்துவது தேவையில்லாத வேலை. "எத்தன பேரு என்று கேட்க முடிந்தால் அது வேஜ், கேட்க முடியாவிட்டால் சாலரி" என்று கரும்பலகையில் எழுதிவிட்டால் முழு வகுப்புக்கும் புரிந்துவிடுகிறது. தோட்டத்துக் கிளாக்கரிடமோ டிஸ்பென்சரி ஐயாவிடமோ போய் இந்த மாதம் எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை. அவர்கள் ஸ்டாஃப், மாதச் சம்பளக்காரர்கள். ஒரே தோட்டம், ஒரே கம்பனி, இருந்தும் ஒரு பக்கம் வேஜ், மறுபக்கம் சாலரி. ஒரு பக்கம் லயம், மறுபக்கம் குவாட்டஸ். சின்ன வயதிலிருந்து பிள்ளைகள் கண்ணால் பார்த்து வளரும் வித்தியாசம் இது.

சம்பளத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். நாள் சம்பளம் 1350 ரூபாயாக இருந்தபோது வந்த ஒரு துண்டை உதாரணமாக வைத்துக்கொள்வோம். முழுப்பேர் 16, அரைப்பேர் 2. இரண்டு அரையையும் சேர்த்தால் 17 பேர். 17 தரம் 1350, ஆக 22,950 ரூபாய். அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு, 1,836 ரூபாய் கழியும். மிச்சம் 21,114. அதற்குக் கீழேதான் துண்டின் நீளமான பகுதி வருகிறது. சங்கச் சந்தா, தேயிலைத்தூள், தீபாவளி முற்பணத்தின் தவணை, கோயில் காசு, வேறு கடன். எல்லாம் கழிந்து அடியில் நிற்கும் தொகைதான் வீட்டுக்கு வருவது. மேலே முதல் வரியில் இருக்கும் 17 என்ற எண்ணைக் கவனியுங்கள். அதற்குக் கீழே உள்ள எல்லாத் தொகையும் அந்த ஒரு எண்ணில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. என்னுடைய சம்பளத் துண்டில் அப்படியொரு வரியே கிடையாது.

இனி மொழிப் பக்கத்துக்கு வருகிறேன், பரீட்சைக்கும் இது உதவும்.

வேஜ் என்று ஒருமையில் சொன்னால் பெரும்பாலும் வீதத்தைக் குறிக்கும். ஒரு நாளைக்கு இவ்வளவு, ஒரு மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்பது வேஜ். வேஜஸ் என்று பன்மையில் சொன்னால் கையில் வாங்கும் காசு. ஒருத்தி தன்னுடைய ஒரு மாத வருமானத்தைச் சொல்லும்போதும் மை வேஜஸ் என்று பன்மையில்தான் சொல்வாள். சாலரி அப்படியல்ல. ஒருவருக்கு ஒரு சாலரி, அவ்வளவுதான். சாலரிஸ் என்று பன்மையில் வந்தால் பல பேருடைய சம்பளம் என்று பொருள். என்னுடைய சம்பளத்தைச் சொல்ல மை சாலரிஸ் என்று எழுதினால் எனக்கு இரண்டு உத்தியோகம் இருக்கிறது என்று ஆகிவிடும். மாணவர்கள் அடிக்கடி விடும் பிழை இது. வேஜஸ் என்று கேட்ட காதுக்கு சாலரிஸ் என்பதும் சரியாகப் படுகிறது.

சேர்ந்து வரும் சொற்களிலும் கவனம் வேண்டும். மினிமம் வேஜ், லிவிங் வேஜ், வேஜ் எர்னர், ரியல் வேஜஸ் என்று வரும் இடங்களில் சாலரியைப் போட முடியாது. சாலரி ஸ்கேல், சாலரி இன்கிரிமென்ட் என்பவற்றில் வேஜைப் போட்டால் காதுக்கு ஒட்டாது. சாலரிக்குப் படிநிலை உண்டு, ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றம் உண்டு, போகப் போகக் கூடும் என்ற எதிர்பார்ப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வேஜுக்கு இருப்பதெல்லாம் கீழ் எல்லைதான், இதற்குக் குறையக் கூடாது என்ற மினிமம். முப்பது வருடம் கொழுந்து பறித்தவருக்கும் நேற்றுப் பேர் பதிந்தவருக்கும் நாள் சம்பளம் ஒன்றே. இந்தச் சேர்க்கைகளை மனனம் செய்யச் சொல்வதைவிட, ஏன் இப்படிச் சேர்கின்றன என்று இந்த வழியில் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் மறப்பதில்லை.

பொருளாதாரப் பாடத்தில் மட்டும் வேஜ் என்பது உழைப்பின் விலை முழுவதையும் குறிக்கும், முகாமையாளரின் மாதச் சம்பளம் உட்பட. சட்ட நூல்களிலும் சில இடங்களில் அப்படித்தான். சந்தேகம் வந்தால் பே என்ற சின்னச் சொல் இருக்கிறது, அது இரண்டுக்கும் பொது.

சட்டத்தைத் தொட்டதால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இலங்கைச் சட்டங்கள் இந்த இரண்டு உலகத்தையும் தனித்தனியாகவே நடத்தியிருக்கின்றன. 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்ச வேஜ் சட்டம் வந்தது. ஆணுக்கு ஒரு வீதம், பெண்ணுக்கு ஒரு வீதம், பிள்ளைக்கு ஒரு வீதம் என்று அதில் பிரித்து நிர்ணயித்தார்கள். 1941இல் வேஜஸ் போர்ட் சட்டம் வந்தது. அந்த வேஜஸ் போர்டைத்தான் நாம் சம்பள நிர்ணய சபை என்கிறோம். கடையிலும் காரியாலயத்திலும் வேலை செய்கிறவர்களுக்கு 1954இல் தனியாக ஒரு சட்டம் செய்தார்கள். தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாள் சம்பளம் என்பது 1984இல்தான் வந்தது. அதுவரை ஒரே மலையில், ஒரே வெயிலில் நின்ற பெண்ணின் பேருக்கு மதிப்புக் குறைவு. கொழுந்துக் கூடையைப் பெரும்பாலும் சுமந்தது பெண்கள் என்பதை நினைத்தால் இந்தத் தாமதம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தில் இந்த வித்தியாசம் இன்னும் நேராகத் தெரிகிறது. தோட்டத்தில் நாம் சேவைக்காலப் பணம் என்று சொல்வது அதுதான். மாதக் கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு ஒவ்வொரு வருடச் சேவைக்கும் அரை மாதச் சம்பளம். மற்றத் தொழிலாளருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். கடைசியாக வாங்கிய வீதத்தில்தான் கணக்கு. நாள் சம்பளம் 1350 என்றால் ஒரு வருடத்துக்கு 18,900 ரூபாய், முப்பது வருடத்துக்கு 567,000. சட்டம் எழுதியவர்கள் வேஜ், சாலரி என்ற இரண்டு சொற்களையும் அதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே எழுதியிருக்கிறார்கள். ஓய்வு பெறப்போகும் அம்மாமார் தங்கள் பணத்தைச் சரிபார்க்க வேண்டுமென்றால், தாங்கள் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகள் படித்துச் சொல்ல வேண்டியதும் இதைத்தான்.

இவ்வளவும் எழுத வைத்தது பத்திரிகைத் தலைப்புகள். தோட்டத் தொழிலாளரின் சாலரி கூட்டப்பட்டது என்று ஆங்கிலச் செய்திகளில் அடிக்கடி பார்க்கிறேன். அதைப் படிக்கும் வெளியாள் என்ன நினைப்பார்? ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் தவறாமல் வரும் ஒரு தொகை இருக்கிறது, அது இப்போது கூடியிருக்கிறது என்றுதானே. உண்மையில் கூடியது ஒரு பேரின் விலை. எத்தனை பேர் விழும் என்பதை அந்தச் செய்தி சொல்வதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பேர் 1000 ரூபாயாக இருந்த காலத்தில் மாதம் 25 பேர் விழுந்தால் 25,000. ஒரு பேர் 1350 ஆன பிறகு மாதம் 18 பேர்தான் விழுகிறது என்றால் 24,300. வேஜ் நூற்றுக்கு 35 கூடியிருக்கிறது, வீட்டுக்கு வந்த காசு 700 ரூபாய் குறைந்திருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. மேற்குப் பக்கத்து மலைகளில் ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சி இறுகினால் கொழுந்து குறையும், வேலை நாளும் குறையும். ஊவாப் பக்கம் ஜூலையில் தொடங்கும் காற்றும் வறட்சியும் அதே வேலையைச் செய்யும். சாலரி என்று எழுதும் செய்தியாளரின் கண்ணுக்கு இந்த மாதங்கள் தெரியாது. வேஜ் என்று எழுதினால், எத்தனை நாளுக்கு என்று கேட்க வேண்டும் என்ற எண்ணமாவது படிப்பவருக்கு வரும்.

நாள் சம்பளத்துக்குள்ளேயும் அடுக்குகள் இருந்தன. 2016இல் தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் செய்த கூட்டு ஒப்பந்தத்தில் 730 ரூபாய் என்று அறிவித்தார்கள். அதில் அடிப்படை 500 மட்டுமே. வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, தேயிலை விலைப் பங்காக 30. வேலை கொடுத்த நாட்களில் நூற்றுக்கு 75 வந்தால்தான் வரவுக்கொடுப்பனவு. ஆக, 730 என்பது பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் பேச்சளவில் இருந்த தொகை என்றுதான் மலையில் எல்லோரும் சொன்னார்கள். 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கொழும்பில் காலிமுகத்திடலில் கூடி ஆயிரம் ரூபாய் கேட்டபோது, அதை அடிப்படைச் சம்பளமாகக் கேட்டார்கள். கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் தங்கள் அம்மா அப்பாவின் பேருக்காக வந்து நின்றார்கள். அந்த ஆயிரம் 2021இல், 900 ரூபாயும் அதன் மேல் 100 ரூபாய் கொடுப்பனவுமாக, சம்பள நிர்ணய சபை வழியாக வந்தது. 2024இல் 1700 என்று பெரிதாகப் பேசப்பட்டு, அந்த ஆண்டு செப்டெம்பரில் 1350 என்று நின்றது.

இன்னும் பின்னால் போனால், 1940 ஜனவரி 10ஆம் திகதி ஹேவாஹெட்ட முல்லோயாத் தோட்டத்தில் நாள் சம்பளம் கூட்டிக் கேட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் இறந்தார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் தியாகி என்று அவரை நாம் நினைவுகூர்கிறோம். ஒரு பேரின் விலையில் சில சதங்கள் கூடுவதற்கு ஒரு உயிர் போயிருக்கிறது. அதற்கு சாலரி ஹைக் என்று தலைப்புப் போட எனக்கு மனம் வராது.

சரி, நமக்கு மட்டும் ஏன் எல்லாமே சம்பளம் ஆனது? தமிழில் இந்த வித்தியாசத்தைச் சொல்ல வார்த்தை இல்லாமலில்லை. கூலி என்ற சொல் இருக்கிறது, வேஜ் என்பதற்குப் பொருத்தமான நேர்ச்சொல் அதுதான். நாட்கூலி, வண்டிக்கூலி, தையல்கூலி என்று செய்த வேலைக்கு எண்ணிக் கொடுப்பதைக் கூலி என்கிறோம். "முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்" என்று வள்ளுவர் சொன்ன இடத்தில் அந்தச் சொல்லுக்கு எந்தக் குறைவும் இல்லை. உடம்பை வருத்தினால் அதற்கான பலன் வந்தே தீரும் என்ற உறுதி அதில் இருக்கிறது.

ஆனால் மலையகத்தில் அந்தச் சொல்லை வாயில் எடுக்க நாம் கூசுகிறோம். கூலி என்பது நமக்குக் காசின் பெயராக இருந்தது. தோட்டம் போட வந்தவர்களிடம் அது ஆளின் பெயராக இருந்தது. அவர்களுடைய ஆங்கிலத்தில் கூலி என்றால் மனிதன். கூலி லைன் என்றால் அந்த மனிதனை அடைத்து வைக்கும் இடம். பதிவேட்டிலும் கப்பல் கணக்கிலும் துரைமாரின் கடிதங்களிலும் நம் பாட்டன் பாட்டிமாருக்கு அதுதான் பெயர். அந்த அவமானத்தோடு ஒட்டிய சொல்லை மக்கள் தள்ளி வைத்தார்கள். உத்தியோகத்தர் வாங்குவதும் சம்பளம், நாங்கள் வாங்குவதும் சம்பளம் என்று சொன்னார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். தங்களை யாரும் கூலி என்று கூப்பிடக் கூடாது என்று முடிவெடுத்த ஒரு சமூகம், மொழியின் ஒரு வசதியை விட்டுக்கொடுத்திருக்கிறது. நம் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கும்போது அந்த வசதி வேஜ் என்ற சொல் வழியாகத் திரும்ப வருகிறது. அந்தச் சொல்லில் நமக்கு எந்த அவமானமும் ஒட்டியிருக்கவில்லை, தாராளமாகப் பயன்படுத்தலாம்.

வேதாகமத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் இரண்டு சொல்லையும் பார்க்கலாம். ஆங்கிலத்தில் வேஜஸ் ஒஃப் சின் என்று வருவதைத் தமிழில் "பாவத்தின் சம்பளம் மரணம்" என்று வைத்திருக்கிறார்கள். நம் தோட்டத்துக் கிறிஸ்தவக் கோயில்களில் மனப்பாடமாகச் சொல்லும் வசனம் அது. அந்த ஆங்கில வசனத்தில் வேஜஸ் என்ற பன்மைக்கு ஒருமை வினை வருவதைக் கண்டு குழம்பும் மாணவர்கள் உண்டு. பழைய ஆங்கிலத்தில் அப்படி ஒரு வழக்கு இருந்தது, இன்று எழுதும்போது பன்மை வினைதான் போட வேண்டும். திராட்சத் தோட்டத்து உவமையில் தமிழ் கூலி என்கிறது. காலையில் வந்தவனுக்கும் பொழுது சாயும் நேரத்தில் வந்து ஒரு மணித்தியாலம் மட்டும் வேலை செய்தவனுக்கும் ஒரே நாள் கூலி. அரைப்பேர் என்ற கணக்கை அறிந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் கதை மற்றவர்களைவிட ஆழமாக இறங்குகிறது. அந்தத் துரை யாருக்கும் அரைப்பேர் போடவில்லை என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். நான் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டுக் கொடுத்தேன்.

சொற்களின் மூலத்தைப் பற்றியும் கொஞ்சம். சாலரி என்பது இலத்தீனில் சலாரியம், உப்பு என்ற சொல்லோடு உறவுள்ளது. ரோமப் படைவீரருக்கு உப்பையே சம்பளமாகக் கொடுத்தார்கள் என்ற கதை எல்லோருக்கும் தெரியும், அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்து சம்பளம் ஆனது என்று நம்மிடையே சுற்றும் கதையையும் நான் அதே வரிசையில்தான் வைக்கிறேன்.

வேஜின் மூலம் எனக்கு அதைவிட முக்கியம். பழைய பிரெஞ்சு வழியாக வந்த அந்தச் சொல்லுக்கு முதலில் ஈடு, பிணை என்று பொருள். பந்தயத்தைக் குறிக்கும் வேஜர் அதன் உடன்பிறப்பு. வெடிங் என்ற கல்யாணச் சொல்லும் அதே குடும்பம், வாக்குக் கொடுத்துப் பிணைவது என்ற கருத்தில். வேஜ் வோர் என்று போர் தொடுப்பதைச் சொல்வதும் அங்கிருந்து வந்ததே. மலையகத்தின் ஆரம்ப காலத்தில் சம்பளம் உண்மையிலேயே பிணையாக இருந்தது. கரையிலிருந்து, அதாவது தென்னிந்தியாவிலிருந்து, ஆள் கூட்டி வரும் கங்காணி முன்பணம் கொடுப்பார், அந்தக் கடன் ஆளின் தலையில் ஏறும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் துண்டு வேண்டும். இந்த ஆட்களுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் அனுப்புகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுத்தான் துண்டு. உழைத்த காசு கைக்கு வருமுன்னே கடனுக்கு ஈடாகிப் போயிருக்கும். அந்தத் துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். இன்று நாம் சம்பளத் துண்டு என்று சொல்வது வேறு தாள்தான். இருந்தாலும் கழிவுகள் நீளமாக இறங்கும் அந்தத் தாளைப் பார்க்கும்போது பழைய பொருள் முழுதாகப் போய்விட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

இப்போது இரண்டு சொல்லுக்கும் நடுவே நிற்கும் வேலைகளும் வந்துவிட்டன. கொழும்பில் கடையில் நிற்கும் பிள்ளைக்கு மாதச் சம்பளம் என்று பேசுவார்கள், ஒரு நாள் ஊருக்கு வந்துபோனால் நோ பே என்று வெட்டுவார்கள். கணக்கு மாதத்துக்கென்று பேசப்பட்டதால் அது சாலரிதான். ஆனால் நடைமுறையில் அவன் பேர் கணக்கில்தான் வாழ்கிறான். தோட்டக் கம்பனிகள் சில காலமாக முன்வைக்கும் இன்னொரு முறையும் இருக்கிறது. தேயிலைக் காணியைத் துண்டு துண்டாகக் குடும்பங்களுக்குக் கொடுத்து, கொழுந்தைக் கிலோ கணக்கில் வாங்கிக்கொள்வது. அதில் கிடைக்கும் காசு வேஜும் இல்லை, சாலரியும் இல்லை. அதற்கு ஆங்கிலத்தில் இன்கம், வருமானம் என்றுதான் பெயர். பெயர் மாறும்போது சேமலாப நிதிக்கும் சேவைக்காலப் பணத்துக்கும் என்ன ஆகும் என்று கையெழுத்துப் போடுமுன் கேட்டுத் தெளிய வேண்டும். வேஜ் என்ற சொல்லோடு சேர்ந்து வந்த பாதுகாப்புகள் எல்லாம் போராடிப் பெற்றவை, அந்தச் சொல் காகிதத்திலிருந்து போனால் அவையும் போகக்கூடும்.

அரைகுறையாகப் புரிந்த சொல் எப்படி வாசலில் நிறுத்திவிடும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா மகனின் படிப்புக்குக் கடன் எடுக்க ஒரு வங்கிக்குப் போனார். சாலரி கன்ஃபர்மேஷன் கடிதம் வேண்டும் என்றார்கள். தோட்டத்து ஒஃபீசில் கேட்டால் தொழிலாளருக்கு அப்படிக் கடிதம் கொடுப்பதில்லை என்றார்கள். இரண்டு இடத்துக்கும் நடந்து அலுத்து விட்டுவிட்டார். அவர் நாள் சம்பளம் வாங்குகிறவர், கடந்த ஒரு வருடத்துத் துண்டுகளை வருமானத்துக்கு ஆதாரமாக ஏற்றுக்கொள்வீர்களா என்று ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதிக் கொடுத்திருந்தால் பேச்சு வேறு மாதிரிப் போயிருக்கும்.

ஆகவே படிவம் நிரப்பும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தருகிறேன். புலமைப்பரிசில் படிவமோ பல்கலைக்கழக உதவிப்பணப் படிவமோ, பெற்றோரின் மன்த்லி சாலரி என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் நாள் சம்பளத்தை முப்பதால் பெருக்கி எழுதாதீர்கள். பலர் அப்படி எழுதி, வருமானம் கூடிய குடும்பம் என்று பட்டியலில் கீழே போய்விடுகிறார்கள். வீட்டில் இருக்கும் பன்னிரண்டு மாதத்துச் சம்பளத் துண்டுகளையும் எடுங்கள், இல்லாததற்கு ஒஃபீசில் பிரதி கேளுங்கள். ஒவ்வொன்றிலும் பேர் எத்தனை என்று பார்த்து, அந்தந்த மாதத்துச் சம்பளத்தைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். அந்தத் தொகையைக் கட்டத்தில் எழுதி, பக்கத்தில் டெய்லி வேஜ், ஆவரேஜ் ஒஃப் ட்வெல்வ் மன்த்ஸ் என்று சேர்த்து எழுதி, துண்டுகளின் பிரதிகளைப் பின்னால் இணைத்துக் கொடுங்கள்.